படம் வந்தது, எழுத்து எங்கே?

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று தெளிந்த நாளொன்றிற் கடலை நோக்கினால், நீர்மட்டத்துக்கு மேலே பனைமரத் தலைகள் ஒரு கருங்கோடாகத் தோன்றும். அதுவே அனலைதீவு. புகையிலைத் தோட்டங்களுக்கும் ஐயனார் கோயிலுக்கும் பேர்போன அச்சிறு தீவுக்குப் பாலம் இல்லை. அரிசி மூட்டை முதல் மணப்பெண்ணின் கூறைச்சேலை ஈறாக யாவும் வள்ளத்தில் ஏறி வள்ளத்திலிருந்தே இறங்கவேண்டும். ஏற்றும்போது ஒருமுறையும் இறக்கும்போது ஒருமுறையும் மூட்டைகளை எண்ணிப் பார்ப்பது அவ்வூரார்க்குப் பிறவிக் குணம் போலாகிவிட்டது. ஒன்று குறைந்தால் வள்ளம் திரும்புமுன்னரே கேட்டுவிடுவர்.

இத்துணைக் கவனமுள்ள ஊரிற் பிறந்த நாம், சென்ற ஆண்டில் ஒரு மூட்டையை எண்ண மறந்துவிட்டோம். மூட்டை என்றது துணியும் தானியமும் அன்று. ஏறக்குறைய முந்நூறு வரி எழுத்து. அதன் கதையைச் சொல்வதற்கே இக்கட்டுரை. கதையினூடே சிறிது விஞ்ஞானமும் வரும். மாணவர்கள் அதனை விரும்புவர் என நம்புகிறோம்.

எமது பெரியம்மா ரொறன்ரோவில் வாழ்கிறார். 1990ஆம் ஆண்டின் போர்க்காலத்தில் தீவகத்தினின்றும் இடம்பெயர்ந்த பெருந்தொகையானோருள் அவரும் ஒருவர். வயது எண்பதைக் கடந்தபின் அவருக்குச் செவி முற்றாக மந்தித்துவிட்டது. காதிற் பொருத்தும் கருவியாலும் பயன் விளையவில்லை. தொலைபேசி மணி அடிப்பதும் கேளாது. எடுத்துக் காதில் வைத்தாலும் பேச்சு விளங்காது. ஆயினும் கண் கூர்மையாகவே இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிப்பார். அவரின் இளைய சகோதரியாகிய எமது சின்னம்மா ஊரை விட்டு அகலாதவர். அக்காளும் தங்கையும் பேசிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆதலால் ஒரு வீடியோப் படம் எடுத்து அனுப்புவதென்று குடும்பத்திலே தீர்மானமாயிற்று. வைகாசி மாதத்தில் நாம் ஊருக்குச் சென்றிருந்தபோது கைத்தொலைபேசியாலேயே அதனை எடுத்தோம். ஊர்காவற்றுறையிலே வள்ளம் ஏறுவதில் தொடங்கி, கோயில் வீதி, பள்ளிக்கூடம், பழைய கிணறு, அயல்வீடுகள் யாவும் அதில் இடம்பெற்றன. கடைசியிலே சின்னம்மா திண்ணையில் அமர்ந்து, படப்பெட்டியைப் பார்த்து, அக்காளோடு நேரிற் பேசுவதுபோலப் பதினைந்து நிமிடம் பேசினார். பெரியம்மாவுக்குப் பேச்சுக் கேளாதாகையால், சின்னம்மாவின் பேத்தி, உயர்தர வகுப்பு மாணவி, இரண்டு கிழமை இரவுகளில் விழித்திருந்து அவ்வளவு பேச்சையும் கணினியில் எழுதி, படத்தின் அடியிலே உரிய நேரத்தில் தோன்றுமாறு அமைத்தாள். பேச்சை மட்டுமன்று, கோயில் மணி ஒலிக்கும் இடத்திற் "கோயில் மணி" என்றும், காகம் கரையும் இடத்திற் "காகம் கரைகிறது" என்றும் அடைப்புக்குள் எழுதினாள். இவ்வாறு எழுதவேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்குதல் நன்று. சினிமாப் படங்களிற் பிற மொழியினருக்காக அடியில் இடும் எழுத்தைச் சப்டைட்டில் என்று யாவரும் அறிவர். மொழி தெரியாதவனுக்குக் காது உண்டு. கதவு தட்டும் ஓசை அவனுக்குக் கேட்கும். செவிப்புலன் இல்லாதவருக்கோ கதவு தட்டியதையும் எழுதியே காட்டவேண்டும். அவர்க்கென எழுதப்படுவதை அமெரிக்கர் கப்ஷன் என்பர். அதிலும் இருவகை உண்டு. படத்தோடு படமாகப் பதிந்து, நீக்க முடியாதபடி நிற்பது ஒன்று. இதனைப் பதித்த எழுத்து எனலாம். படத்தின் உள்ளே தனியிடத்தில் ஒளிந்திருந்து, வேண்டுவோர் பொத்தானை அழுத்தினால் மட்டும் தோன்றுவது மற்றொன்று. இதுவே குளோஸ்ட் கப்ஷன். நாம் மறைவெழுத்து என்று வைத்துக்கொள்வோம். பேத்தி செய்தது மறைவெழுத்து. செவி உள்ள பேரப்பிள்ளைகள் எழுத்தின்றிப் பார்க்கலாம், பெரியம்மா எழுத்தோடு பார்க்கலாம் என்ற நல்ல எண்ணத்தாலேயே அவள் அவ்வாறு செய்தாள்.

பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்றபடி படத்தை மாற்றித் தருமாறு நகரக் கடையொன்றிற் கொடுத்தோம். மூன்று நாளில் ஒரு டி.வி.டி. தட்டும் ஒரு பென் டிறைவும் வந்தன. கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். படம் தெளிவு, ஒலி தெளிவு. எழுத்து வரவில்லை என்பதை நாம் கவனிக்கவேயில்லை. எமக்குத்தான் காது கேட்கிறதே! கனடாவுக்குப் போகும் ஓர் உறவினர் கையிற் கொடுத்தனுப்பிவிட்டு, இடம் போதாதென்று கைத்தொலைபேசியிலிருந்த மூலப் படத்தையும் அழித்தோம்.

ரொறன்ரோவில் நடந்ததைப் பெரியம்மாவின் மகள் பின்னர் எமக்குச் சொன்னார். வீடு நிறையச் சனம். படம் ஓடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், சிலர் கண் கலங்குகிறார்கள். பெரியம்மா மட்டும் திரையின் அடிப்பாகத்தையே பார்த்தபடி இருந்தாராம். சின்னம்மா தோன்றியதும், "என்ன பிள்ளை, எழுத்து வரேல்லையே?" என்று கேட்டாராம். மகள் ஒரு கொப்பியை எடுத்து எழுதிக் காட்ட முயன்றார். ஒரு வரி எழுதி முடிக்குமுன் தங்கை ஐந்து வரி பேசிவிடுகிறார். பேரப்பிள்ளைகளுக்கோ தமிழ் விளங்கும்; எழுத வராது.

ஆவணி மாதத்தில் அனலைதீவிற் சின்னம்மா காலமானார்.

இது கடைக்காரரின் குற்றம் என்று எடுத்த எடுப்பிலே நாம் சினந்தது உண்மை. பின்னர் இவ்விடயத்தை ஆராயப் புகுந்தபோது, எழுத்தைக் கைவிட்டுவிட்டுப் படத்தையும் ஒலியையும் மட்டும் அக்கரை சேர்க்கும் இவ்வழக்கம் மிகப் பழையது என்று கண்டோம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பழமை அதற்கு உண்டு.

சினிமா பேசாதிருந்த காலத்தில், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே எழுத்து அட்டைகள் தோன்றிக் கதையையும் வசனத்தையும் தெரிவிக்கும். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த "கீசகவதம்" என்னும் ஊமைப்படத்திலும் அத்தகைய அட்டைகள் இருந்தன. அக்காலத்திலே கொட்டகையில் அமர்ந்திருந்த செவிடருக்கும் செவியுடையார்க்கும் வேற்றுமை இல்லை. இருவரும் ஒரே எழுத்தைப் படித்தனர். ஒரே இடத்திற் சிரித்தனர். 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவில் "ஜாஸ் சிங்கர்" வெளிவந்து, படம் பேசத் தொடங்கிற்று. உலகமே கொண்டாடியது. பேச்சு வந்ததனால் எழுத்து அட்டை வேண்டாததாயிற்று, வேண்டாததை நீக்கினர். நேற்று வரை சரிநிகராக இருந்த ஒரு கூட்டத்தார் இன்று வாசலுக்கு வெளியே நின்றனர். படம் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாறியபோது எழுத்து தொலைந்த முதற் பெருநிகழ்ச்சி இதுவே என்போம்.

இதனாற் பிழைப்பையே இழந்தவர் ஒருவர் உளர். எமர்சன் ரொமேரோ என்பது அவர் பெயர். கியூபாவிற் பிறந்தவர், செவிப்புலன் அற்றவர், ஊமைப்படங்களில் நகைச்சுவை நடிகராக விளங்கியவர். பேசும் படம் வந்ததும் அவருக்கு வேலை இல்லாது போயிற்று. 1947ஆம் ஆண்டில் அவர் பேசும் படங்களை வாடகைக்கு எடுத்து, படச்சுருளை இடையிடையே வெட்டி, எழுத்துச் சட்டங்களைத் தாமே ஒட்டிச் செவிடர் சங்கங்களுக்குக் காட்டினார். படத்தின் ஓட்டம் தடைப்பட்டது, ஒலியும் கெட்டது. ஆயினும் வழி பிறந்தது. அவ்வழியிற் பிறர் முன்னேற, 1958இல் அமெரிக்க அரசே செவிடர்க்கான எழுத்துப் படங்களுக்குச் சட்டமியற்றிப் பொருளுதவி செய்தது.

நிற்க. தொலைக்காட்சியில் மறைவெழுத்து எவ்வாறு வந்தது என்பது சுவையான கதை. பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கோடுகளால் ஆனது. அவை யாவும் திரையில் தெரிவதில்லை. படம் தொடங்குமுன் வெறுமையாகக் கழியும் சில கோடுகள் மேலே உண்டு. புத்தகத்தில் மேலோரத்தில் விடும் வெற்றிடம் போல. அவற்றுள் 21ஆம் கோட்டை 1976ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆணையம் எழுத்துக்கென ஒதுக்கிற்று. 1980ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி மறைவெழுத்துடன் கூடிய ஒளிபரப்புத் தொடங்கியது. ஒரு சட்டத்துக்கு இரண்டு எழுத்து, ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 60 எழுத்து, அக்கோட்டிலே ஒளிந்து வரும். முதலில் அதனைப் படித்துக் காட்டத் தனிப்பெட்டி ஒன்று வாங்கவேண்டியிருந்தது. 1990இல் இயற்றிய சட்டத்தின்படி, 1993 யூலை முதல் அமெரிக்காவில் விற்கும் 13 அங்குலத்துக்குக் குறையாத தொலைக்காட்சிப் பெட்டி யாவற்றிலும் அக்கருவி உள்ளேயே அமைந்தது.

பிரித்தானியர் வேறு வழி சென்றனர். 1974இல் பி.பி.சி. தொடங்கிய சீவக்ஸ் என்னும் எழுத்துச் சேவையிலே, 888 என்ற பக்கத்தைத் திறந்தால் நிகழ்ச்சியின் வசனம் அடியில் வரும். அமெரிக்க முறையினும் பன்மடங்கு விரைவு கொண்டது அது. அவ்விரைவே அதற்குப் பகையுமாயிற்று. வீட்டிலிருந்த வி.எச்.எஸ். பதிவுப்பெட்டி மெதுவாக வரும் அமெரிக்க எழுத்தைப் படத்தோடு சேர்த்து நாடாவிற் பதிந்துகொள்ளும். பிரித்தானிய எழுத்தின் விரைவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. நேரடி ஒளிபரப்பில் எழுத்து வரும். அதையே நாடாவிற் பதிந்து மறுநாள் பார்த்தால் வாராது.

எம்மவர்க்கு அக்காலத்தில் இதனினும் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. இலங்கைத் தொலைக்காட்சி 625 கோட்டுப் பால் முறையைச் சார்ந்தது (பசும்பாலன்று, அம்முறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்). கனடாவோ 525 கோட்டு என்.ரி.எஸ்.சி. முறை. இங்கிருந்து அனுப்பிய கலியாண வீடியோ நாடா அங்குள்ள பெட்டியில் நேராக ஓடாது. அதனை முறை மாற்றிக் கொடுக்கும் பொறி, கண்ணுக்குத் தெரியும் கோடுகளை மட்டும் எடுத்துப் புதிய கணக்கில் வரைந்து தரும். மேலோரத்து வெறுங்கோடுகளை அது பாராது. அங்கிருந்து மறைவெழுத்தோடு கூடிய ஆங்கில நாடாவொன்றை இங்கே மாற்றிப் பார்த்தவருக்கு 21ஆம் கோடு கடலிலேயே போயிற்று. புத்தகத்தைப் படியெடுப்பவன் ஓரக் குறிப்புகளை விட்டுவிடுவது போன்றதே இது. எம் பழைய ஏடுகளைப் படியெடுத்தோர் எத்தனை ஓரக்குறிப்புகளை விட்டனரோ!

மேலும், அந்த 21ஆம் கோடு ஆங்கிலமும் அதன் சுற்றத்து ஐரோப்பிய மொழிகளும் எழுதத்தக்கதாகவே அமைந்தது. தமிழுக்கு அதில் இடம் வைக்கவில்லை. 2007இல் கனடிய ஒளிபரப்பு ஆணையம் அந்நாட்டு ஆங்கில, பிரெஞ்சு நிலையங்கள் தம் நிகழ்ச்சிகள் யாவற்றுக்கும் எழுத்து இடவேண்டும் என்று விதித்தது. பெரியம்மா ஆங்கிலச் செய்தியை எழுத்தோடு பார்க்கலாம், படித்தால் விளங்காது.

இனி இக்காலத்துக்கு வருவோம். இன்று வீடியோ என்பது ஒரு கோப்பு. அக்கோப்பை ஒரு வள்ளம் எனக் கொள்ளலாம். எம்.பி.4 என்பது ஒருவகை வள்ளம், எம்.கே.வி. என்பது மற்றொரு வகை. உள்ளே மூன்று மூட்டைகள்: படம் ஒன்று, ஒலி ஒன்று, எழுத்து ஒன்று. ஒரு வள்ளத்திலிருந்து மற்றொன்றுக்கு மூட்டை மாற்றும் மென்பொருள், படத்தையும் ஒலியையும் தவறாது எடுக்கும். எழுத்தையோ, வெளிப்படையாகக் கட்டளையிட்டாலன்றி விட்டுவிடுவதே பெரும்பாலும் அதன் வழக்கம். சில வேளை ஒரு வள்ளத்திற் செல்லும் எழுத்துவகையை மற்ற வள்ளம் ஏற்றுக்கொள்ளாது. அப்போதும் மென்பொருள் சண்டையிடாது, சத்தமின்றிக் கரையிலே வைத்துவிட்டுப் புறப்படும். எமது படம் எம்.கே.வி. யிலிருந்து எம்.பி.4 ஆனபோது நிகழ்ந்தது இதுவே. கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். திரையில் "முடிந்தது" என்று வந்தது. அவரும் நாமும் அதை நம்பினோம்.

டி.வி.டி. தட்டின் கதை வேறு. அதில் 32 வகை எழுத்துத் தொகுதிகள் வரை வைக்க இடமுண்டு. ஆனால் அங்கு எழுத்து எழுத்தாக இருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படமாக வரையப்பட்டிருக்கும். அதனை மீண்டும் எழுத்தாக்குவது, அச்சிட்ட தாளைக் கணினியைக் கொண்டு வாசிப்பிப்பது போன்ற வேலை. தமிழில் அவ்வாசிப்பு எத்துணைப் பிழைபடும் என்பதை அனுபவித்தோர் அறிவர்.

மற்றொரு பொறி தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலேயே இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்புக் கம்பி படத்தையும் ஒலியையும் கடத்தும், மறைவெழுத்தைக் கடத்துவதில்லை. கம்பியின் முன்னால் உள்ள பெட்டியே எழுத்தை விரித்துப் படத்தின்மேல் இட்டு அனுப்பவேண்டும். அக்கம்பியின் வழியே பதிவு செய்வோர் பலர், பெட்டியில் எழுத்தை இயக்காது விட்டுவிட்டுப் பின்னர் அது எங்கே போயிற்று என்று தேடுவர்.

வட்ஸ்அப் வழியாக வீடியோ அனுப்புவோர் அறியவேண்டியதும் ஒன்று. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மறுபடி எழுதும். உள்ளிருந்த எழுத்துத் தடம் அப்பால் வாராது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அனுப்பியபடியே போய்ச் சேரும்.

எழுத்து வந்து சேர்ந்தாலும் தமிழர்க்குத் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஈழத்தவர் பல்லாண்டாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துரு ஒரு சாமர்த்தியமான வேடம். உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். மேலே தெரிபவை தமிழ் வடிவங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியே நின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே அக்கோப்பைத் திறந்தால் வேடம் கலைந்துவிடும். "அம்மா" இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழறலே தோன்றும். 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. ஆதலின் வசன எழுத்தை யூனிகோட்டில் எழுதி, அம்முறையிலேயே சேமித்தல் வேண்டும். பழைய முறையில் எனத் தவறிச் சேமித்தால் வரிக்கு வரி வெறுங் கேள்விக்குறிகளே எஞ்சும். சில பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் யூனிகோட்டையும் அரைகுறையாகவே அறியும். "கோ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் பிரித்து வெவ்வேறிடத்தில் நிறுத்தி வேடிக்கை காட்டும். அத்தகைய பெட்டிக்குப் பதித்த எழுத்தே தக்கது.

இவ்வளவும் ஒரு கிழவிக்காகவா என்று எவரேனும் கேட்கக்கூடும். செவிப்புலன் குறைவாற் சிகிச்சையோ உதவியோ வேண்டி நிற்போர் உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. யாழ்ப்பாணத்துக் கைதடியிலே செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை நடைபெறுகிறது. அப்பிள்ளைகளும் படம் பார்க்க விரும்புவர் அல்லரோ? காதுள்ளவர்க்கும் இதனாற் பயனுண்டு. அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி என்னும் பேராசிரியர், சினிமாப் பாட்டு எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அதன் வரிகளை அடியில் இட்டால் மக்கள் தம்மையறியாமலே வாசிக்கப் பழகுவர் என்று 1996இல் எண்ணினார். 1999இல் குஜராத் தூரதர்சன் அதனைப் பாட்டு நிகழ்ச்சியொன்றிற் செயற்படுத்தியது. பேச்சுத் தமிழ் விளங்கியும் எழுத்துத் தெரியாது வளரும் எம் புலம்பெயர் பிள்ளைகளுக்கு இதனினும் எளிய வாசிப்புப் புத்தகம் வேறு எது?

எம் கதைக்குத் திரும்புவோம். மூலப் படம் அழிந்தது என்றோம். எம்.கே.வி. இருந்த பேத்தியின் மடிக்கணினியும் இடையிலே பழுதாகிவிட்டது. எழுத்து முற்றாகப் போயிற்று என்றே எண்ணினோம். ஆனால் அவள் தான் எழுதியதில் எழுத்துப் பிழை உண்டோ என்று பார்த்துத் தருமாறு தன் தமிழாசிரியைக்கு அவ்வரிகளை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். சின்னம்மாவின் அந்தியேட்டிக்குச் சென்றபோது இதனை அறிந்தோம். ஆசிரியை அழியாது வைத்திருந்தார். சந்திப் பிழைகளைச் சிவப்பில் திருத்தியும் இருந்தார்.

எஸ்.ஆர்.டி. என்னும் அக்கோப்பின் அமைப்பு ஒரு சிறுபிள்ளைக்கும் விளங்கும். வரிசை எண் ஒன்று. அதன் கீழே எழுத்து எப்போது தோன்றவேண்டும், எப்போது மறையவேண்டும் என்ற நேரம். அதன் கீழே எழுத்து. அவ்வளவே. 312 வரிகள் இருந்தன. கனடாவிலிருந்த எம்.பி.4 படத்தை வருவித்து, இதனைப் பொருத்திப் பார்த்தோம். பொருந்தவில்லை. சின்னம்மா பேசத் தொடங்கி நெடுநேரத்தின் பின்னரே எழுத்து வாய் திறந்தது!

காரணத்தைக் காண ஒரு மாலை சென்றது. கடையிலே படத்தின் தொடக்கத்தில் 48 விநாடி விளம்பரம் ஒன்றைச் சேர்த்திருந்தனர். பின்னர் வள்ளத்தில் வெறும் இயந்திர இரைச்சலாக இருந்த இரண்டு நிமிடத்தை, அலுப்பூட்டும் என்று எண்ணிப் போலும், வெட்டியிருந்தனர். ஆகவே வெட்டுக்கு முந்திய வரிகளை 48 விநாடி பின்னே தள்ளினோம். பிந்திய வரிகளை 72 விநாடி முன்னே இழுத்தோம். "இயந்திர ஒலி" என்ற ஒரு வரி மட்டும் வேலையற்றுப் போயிற்று. எமக்கு இதுவேனும் ஒரே அளவான பிசகாக வாய்த்தது. திரைப்படத்தை விநாடிக்கு 24 சட்டத்திலிருந்து பால் முறையின் 25 சட்டத்துக்கு மாற்றினால் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். பழைய எழுத்தை அதற்கு இட்டால் தொடக்கத்திற் சரியாக நிற்பது முடிவில் இரண்டரை நிமிடம் வரை பிந்தி நிற்கும். அங்கே தள்ளினால் மட்டும் போதாது. முழுவதையும் அவ்விகிதப்படி சுருக்கவேண்டும்.

நாம் கற்றதை ஒத்த நிலையிலுள்ளோர்க்குச் சொல்லிவைக்கிறோம். எழுத்துக் கோப்பைப் படத்துக்குள் வைத்ததோடு நில்லாது தனியேயும் வையுங்கள். படத்தின் பெயரையே அதற்கும் இட்டு ஒரே உறையில் வைத்தால் வி.எல்.சி. போன்ற கருவிகள் தாமே கண்டுகொள்ளும். ஹான்ட்பிரேக், எவ்.எவ்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள்களில் எழுத்துத் தடத்தைச் சேர்க்க இடமுண்டு. தேடிப் பிடித்துச் சேர்க்கவேண்டும். மாற்றிய படத்தை ஒலியை அடைத்துவிட்டுத் தொடக்கம், நடு, முடிவு என மூன்றிடத்திற் பாருங்கள். அதன்பின்னரே மூலத்தை அழிப்பதைப் பற்றி எண்ணலாம். அழிக்காமலே விடுவது இன்னும் நன்று. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் ஈழத்தவரின் ஏடுகளையும் நூல்களையும் மின்வடிவாக்கிச் சேமித்து வருகின்றனர். ஒளிப்பட, ஒலிப் பதிவுகளுக்கும் ஆவணகம் என்ற பகுதி அவர்களிடம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இரண்டாம் பிரதியின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இம்முறை பெரியம்மாவுக்கு இரண்டு பிரதி அனுப்பினோம்: ஒன்று மறைவெழுத்து, ஒன்று பதித்த எழுத்து. இரண்டையும் ஒலியை அடைத்து முடிவு வரை பார்த்த பின்னரே அனுப்பினோம். மார்கழியில், வீட்டில் எவரும் இல்லாத ஒரு பகற்பொழுதிலே அவர் தனியே இருந்து பார்த்தாராம். மாலையில் மகள் வந்தபோது மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் மகளின் கையாற் புகைப்படமெடுத்து அனுப்பிய ஒரு கடிதம் எமக்கு வந்தது. நன்றி முதலியன ஒன்றுமில்லை. "தம்பி, கோயில் மணி எண்டு எழுதியிருக்கு. எந்த மணி? காண்டாமணியோ, பூசை மணியோ? பிள்ளையை விபரமாய் எழுதச் சொல்லு," என்று தொடங்கியது. அதன் கீழே கடைசி வரியைப் பற்றிய முறைப்பாடு ஒன்று இருந்தது. படத்தின் முடிவிலே சின்னம்மா கையை அசைத்து விடைபெறும் இடத்தில், பேத்தி இலக்கணம் பிசகாது, "நான் போய் வருகிறேன், அக்கா" என்று எழுதியிருந்தாள்.

"அவள் ஒருநாளும் அப்பிடிச் சொல்லமாட்டாள். வாயைப் பார்த்தனான். 'போட்டு வாறன் அக்கா' எண்டுதான் சொன்னவள். அதை மாத்தி அனுப்பு."

மாற்றி அனுப்பினோம்.